இஸ்தான்புல் கூரைச் சந்தையில்: பேரமும் அதன் அறமும்

"நீங்கள் எந்த நாடு?"

அகதியாக வந்த எவருக்கும் பழகிய கேள்வி இது. விமான நிலையக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் கேட்டார். பொலிஸ் நிலையத்தில் மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டார். பின்னர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரியும் கேட்டார். அதற்கு நாம் சொல்லும் விடையில் எமது தலைவிதி தங்கியிருந்த காலம் ஒன்று இருந்தது.

சென்ற ஆண்டு இளவேனிலில் நானும் எனது மனைவியும் இஸ்தான்புல் நகரின் புகழ்பெற்ற கூரைச் சந்தையினுள் நுழைந்தோம். வாயிலைத் தாண்டி ஐம்பது அடி நடப்பதற்குள் அதே கேள்வி ஏழெட்டுத் தடவை, நான்கைந்து மொழிகளில், எம்மை நோக்கி வந்தது. கேட்டவர்கள் கம்பளக் கடைக்காரர்கள், விளக்குக் கடைக்காரர்கள், தோலாடைக் கடைக்காரர்கள். எல்லோர் முகத்திலும் புன்னகை. ஆயினும் இங்கும் அக்கேள்வி வெறும் உபசாரம் அன்று என்பதை விரைவிலேயே உணர்ந்துகொண்டேன். "பாரிஸ்" என்று சொன்ன கடையில் ஒரு கழுத்துச் சால்வைக்கு ஒரு விலை. "ஹிந்திஸ்தானா?" என்று அவராகவே ஊகித்துக் கேட்க, நான் மறுக்காமல் நின்ற அடுத்த கடையில் அதே சால்வைக்கு வேறொரு விலை. வாங்குபவனின் நாட்டைக் கொண்டு அவனது பணப்பையை அளப்பது அந்தச் சந்தையின் முதற் பாடம்.

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பலர் இன்று கோடை விடுமுறைக்குத் துருக்கி, மொரொக்கோ, எகிப்து, தாய்லாந்து என்று குடும்பத்தோடு சென்று வருகின்றனர். ஒரு காலத்தில் எல்லைகளை அஞ்சி அஞ்சிக் கடந்தவர்கள் இன்று உல்லாசப் பயணிகளாகக் கடக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் உல்லாசப் பயணியாக இருப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. அதிலும் பேரம் பேசுவது என்பது, ஏமாறாமல் தப்பும் தந்திரம் என்ற அளவில் மட்டும் முடிந்துவிடுவதன்று. அதில் ஓர் அறக்கேள்வியும் உண்டு. இவ்விரண்டையும் பற்றியதே இக்கட்டுரை.

ஐந்து நூற்றாண்டுச் சந்தை

துருக்கியர் இச்சந்தையைக் 'கபலிசார்ஷி' என்று அழைப்பர். 'கூரையிட்ட கடைத்தெரு' என்பது அதன் பொருள். 1453இல் கொன்ஸ்தாந்தினோப்பிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், 1455-56 குளிர்காலத்தில் இதன் மையக் கட்டடத்தைக் கட்டத் தொடங்கினார். அதன் வாடகை வருமானம் பள்ளிவாசலாக மாற்றப்பட்ட ஹாகியா சோபியாவின் பராமரிப்புக்கு அறக்கொடையாக எழுதிவைக்கப்பட்டது. அக்கட்டடத்தைச் சுற்றித் தெருக்கள் வளர்ந்தன. பின்னர் தெருக்களுக்கு மேல் வளைகூரைகள் எழுந்தன. தீயும் நிலநடுக்கமும் பலமுறை அழித்தன. 1894ஆம் ஆண்டு நிலநடுக்கமும் 1954ஆம் ஆண்டுத் தீயும் அவற்றுள் பெரியவை. ஒவ்வொரு முறையும் சந்தை மீண்டும் கட்டப்பட்டது. இன்று அறுபதுக்கு மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ 4,000 கடைகளும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை மூடப்பட்டிருக்கும் என்பதைப் பயணம் செய்வோர் நினைவில் வைத்தல் நன்று.

தெருக்களின் பெயர்களைக் கவனித்தால் பழைய ஒழுங்கு தெரியும். பிரதான தெருவின் பெயர் 'கல்பக்சிலார்'. உரோமத் தொப்பி செய்வோர் தெரு என்று பொருள். இன்று அங்கே தொப்பி இல்லை, தங்கநகைக் கடைகளே வரிசையாக மின்னுகின்றன. ஒரு தொழிலார் அனைவரும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது கைவினைஞர் சங்கங்களின் காலத்திலிருந்து வரும் வழக்கம். வாங்குபவருக்கு இது பெரும் வசதி. ஒரு கடையில் சொன்ன விலையைப் பத்து அடி தள்ளி மறு கடையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிலையான விலை எங்கிருந்து வந்தது?

பேரம் என்பது கீழைத்தேயத்தாரின் இரத்தத்தில் ஊறியது என்றும், நிலையான விலை மேலைநாட்டாரின் நேர்மைக்குச் சான்று என்றும் பயண நூல்கள் எழுதுவதுண்டு. வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. ஒஸ்மானியப் பேரரசில் ரொட்டி, இறைச்சி, துணி முதலிய பொருள்களுக்கு அரசே விலை நிர்ணயித்தது. 'நார்ஹ்' எனப்பட்ட இம்முறையின் கீழ் நீதிபதியும் சந்தை மேற்பார்வையாளரும் விலையைக் கண்காணித்தனர். 1640ஆம் ஆண்டின் இஸ்தான்புல் விலைப் பதிவேடு இன்றும் ஆய்வாளர் கையில் இருக்கிறது. அதே காலத்தில் ஐரோப்பாவில் கடைகளில் பேரமே வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தார், ஏற்கப்போகும் விலைக்கு மேலே ஒரு விலை சொல்வது பொய்யாகும் என்று கருதிப் பேரத்தைக் கைவிட்டபோது அது புதுமையாகவே நோக்கப்பட்டது.

பாரிஸில் வாழும் வாசகர்கள் பலர் செவ்ர் வீதியிலுள்ள 'பொன் மார்ஷே' பெருங்கடையைக் கடந்து சென்றிருப்பர். 1852இல் அக்கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, ஒவ்வொரு பொருளின் மீதும் விலையைக் குறித்து வைத்தார். எவரும் உள்ளே வந்து வாங்காமல் பார்த்துச் செல்லலாம், பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். விலை கேட்டுவிட்டால் வாங்கியே ஆகவேண்டும் என்ற சங்கடத்திலிருந்து வாடிக்கையாளர் விடுபட்டனர். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் எண்ணப்படி விலை பேச இடமளிக்க முடியாது. தன் சொந்தக் கடையில் தானே அமர்ந்திருப்பவனே பேரம் பேச வல்லவன். பெருங்கடை வளர்ந்த இடங்களில் பேரம் தேய்ந்தமைக்கு இது முக்கிய காரணம் எனலாம்.

எம்மையே எடுத்துக்கொள்வோம். லாச்சப்பல் சேலைக் கடையில் கால்மணி நேரம் விலை குறைக்கக் கேட்கும் அதே குடும்பத் தலைவி, அடுத்த தெருப் பல்பொருள் அங்காடியில் ஒரு சதமும் குறைக்கக் கேட்பதில்லை. குணம் மாறவில்லை, கடையின் அமைப்பே மாறியிருக்கிறது.

சந்தையில் பஞ்சமானது எது?

அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மொரொக்கோவில் செஃப்ரூ என்னும் சிறு நகரத்தின் சந்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வாறான சந்தைகளில் அரிதாகவும் சீரற்றும் பகிரப்பட்டிருப்பது தகவலே என்பது அவரது கருத்து. பொருளின் தரம் என்ன, நியாயமான விலை என்ன, அது எங்கிருந்து வந்தது என்பவற்றை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். அந்த இடைவெளியைக் கடக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பச் சென்று வாடிக்கையாளன் ஆவது. மற்றது, பேரம் பேசுவது. கடை கடையாக ஏறி இறங்குவது அகலத் தேடுவது. ஒரே கடைக்காரரோடு நீண்ட நேரம் விலை பேசுவது ஆழத் தேடுவது என்பார் கீர்ட்ஸ்.

உல்லாசப் பயணியின் பலவீனம் இங்கேதான். அவன் ஒரு நாள் வருகிறான், மறுநாள் போய்விடுகிறான். அவன் திரும்பி வரமாட்டான் என்பது கடைக்காரருக்குத் தெரியும். உள்ளூர்க்காரரிடம் அறாவிலை சொன்னால் நாளை அவர் வரமாட்டார், ஊரெல்லாம் சொல்லியும் விடுவார். பயணியிடம் அந்த அச்சம் இல்லை. எனவே பயணி தன் கையிலுள்ள ஒரே பலத்தை அறிந்திருத்தல் வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துபோகும் சுதந்திரமே அந்தப் பலம்.

சில நடைமுறைகள்

காலையில் செல்வது நல்லது. துருக்கிக் கடைக்காரர் நாளின் முதல் விற்பனையைச் 'சிஃப்தா' என்பர். தமிழ்நாட்டு வியாபாரிகள் போணி என்று சொல்வதும் இதுவே. முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப அவர்கள் விரும்புவதில்லை. வரும் முதற் காசைத் தாடியில் ஒற்றிக்கொள்வோரும் உளர்.

முதலில் வாங்கும் நோக்கமின்றி ஒரு சுற்று நடந்து, விரும்பிய பொருளின் விலையை மூன்று கடைகளிலாவது கேட்டறிய வேண்டும். உமக்கு அது எவ்வளவு பெறும் என்பதை மனதில் உறுதி செய்த பின்னரே பேசத் தொடங்க வேண்டும். "சொன்ன விலையில் பாதி கேள்" என்று பயண நூல்கள் கூறும் விதி விதியே அன்று. சில கடைகளில் பாதியும் அதிகம். சில கடைகளில் பத்தில் ஒரு பங்கு குறைப்பதே பெரிது. அந்த விதியைக் கடைக்காரரும் படித்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

தேநீர் வரும். இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில், தட்டோடு, சீனிக்கட்டியோடு வரும். அப்பிள் தேநீர் தருவார்கள். அது பயணிகளுக்கென்றே வைத்திருப்பது, துருக்கியர் தாம் அருந்துவது கறுப்புத் தேநீர். தேநீர் குடித்தமைக்காக எதையும் வாங்க வேண்டிய கடமை இல்லை. ஆனால் நீர் ஒரு விலையைச் சொல்லி, அதனை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், பின்வாங்குவது அங்கு மரியாதைக் குறைவு. வாங்க எண்ணாத பொருளுக்கு விலை சொல்லாதிருத்தலே தக்கது.

வழிகாட்டியோ, வாடகைக் கார்ச் சாரதியோ, தங்குவிடுதி ஊழியரோ அழைத்துச் செல்லும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு உமது விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தனியே செல்லுங்கள்.

எதுவும் வாங்காமல் வெளியேறும்போதும் 'ஹயிர்லி இஷ்லெர்' என்று சொல்லிவிட்டு வரலாம். உமது வியாபாரம் நலமாகட்டும் என்பது அதன் பொருள். நாம் அதைச் சொன்ன கடைகளில் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து வாசல் வரை வந்தார். புதுப்பொருள் வாங்கியவரிடம் அவர்கள் சொல்லும் வாழ்த்து இன்னும் அழகானது. 'கூலே கூலே குல்லானின்' என்பர். சிரித்துச் சிரித்துப் பயன்படுத்துங்கள் என்று கருத்து.

தங்கம்: குறைவது எது?

எம்மவர் எங்கு சென்றாலும் நகைக்கடை வாசலில் கால் நின்றுவிடும். கல்பக்சிலார் தெருவில் எனது மனைவியின் காலும் நின்றது. மகளுக்கு ஒரு சோடி காதணி என்று உள்ளே போனோம். கடைக்காரர் முதலில் முத்திரையைக் காட்டினார். 916 என்றிருந்தால் 22 கரட், 750 என்றால் 18, 585 என்றால் 14. அங்கு கண்ணாடிப் பெட்டியில் பளபளப்பவற்றுள் 14 கரட்டும் நிறைய உண்டு. எம்மவர் எல்லாத் தங்கத்தையும் 22 என்றே எண்ணிப் பழகியவர்கள். எனவே முத்திரையைப் பார்க்காமல் விலை பேசலாகாது.

காதணி தராசில் ஏறியது. சுவரில் அன்றைய கிராம் விலை. அதன் மேல் 'இஷ்சிலிக்', அதாவது செய்கூலி. மனைவி என் காதில் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, அவன் சொன்ன விலைய அப்பிடியே குடுக்கப் போறியளே? கொஞ்சம் குறைச்சுக் கேளுங்கோவன்."

கேட்டேன். கடைக்காரர் பிரெஞ்சில் விளக்கினார். தங்கத்தின் விலை தம் கையில் இல்லை. அது உலகச் சந்தையின் விலை. கூலியைப் பற்றி வேண்டுமானால் பேசலாம் என்றார். பேசினோம். கூலியில் கொஞ்சம் குறைந்தது. வாங்கினோம்.

வெளியே வந்த பின்னரே அதன் பொருள் எனக்கு உறைத்தது. தங்கத்தின் விலை ஒரு சதமும் அசையவில்லை. அசைந்தது ஒரு மனிதரின் கைவேலைக்குரிய பணம் மாத்திரமே. ஊரில் ஆசாரியிடம் செய்கூலியைக் குறைக்கச் சொல்லி எம் வீட்டார் வாதாடியதும் இதுவேயல்லவா?

கம்பளத்திலும் இதே கணக்கு. மர்மரா கடற்கரையில், 1843இல் அரச நெசவாலை நிறுவப்பட்ட ஹெரெக்கே என்னும் ஊரின் பெயரால் விற்கப்படும் நுண்ணிய பட்டுக் கம்பளங்களில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நூறு முடிச்சுகள் உண்டு. ஒரு சதுர மீற்றருக்குப் பத்து இலட்சம். நெசவுக்காரி ஒருத்தி நாளொன்றுக்கு எட்டாயிரம் முடிச்சுப் போடுவதாகக் கொண்டால், அந்த ஒரு சதுர மீற்றரை முடிக்க 125 நாட்கள் செல்லும். சாதாரணக் கம்பளி முடிச்சுக் கம்பளத்திலும் பல வாரங்களின் உழைப்பு இருக்கிறது. கம்பளத்தைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். கைமுடிச்சு அங்கே ஒவ்வொன்றாகத் தெரியும். ஓரக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலாகவே நீண்டிருந்தால் அது கைவேலை. தனியே வைத்துத் தைத்திருந்தால் இயந்திர வேலை.

கைவேலையென்று அறிந்த பின் எவ்வளவு குறைக்கலாம்? அப்பெண்ணின் கூலி எப்போதோ கொடுத்து முடிந்திருக்கும். நாம் இன்று குறைப்பது கடைக்காரரின் இலாபத்தையே. ஆயினும் கடைக்காரர் அடுத்த கம்பளத்தை வாங்கும்போது, எம்மைப் போன்றோர் தரக்கூடிய விலையைக் கணக்கிட்டே நெசவுக்காரிக்கு விலை சொல்வார். நாம் பேசும் பேரம் இவ்வாறு சுற்றிச் சுற்றி ஒரு தறியின் முன் சென்று நிற்கிறது.

மஞ்சளும் மலிவும்

வாசனைச் சரக்குச் சந்தை பதினேழாம் நூற்றாண்டில் அமைந்தது. கூரைச் சந்தையிலிருந்து கீழே இறங்கினால் கடற்கரையருகே இருக்கிறது. அங்கே 'ஹிந்து சஃப்ரான்' என்று எழுதிய கும்பத்தைக் கண்டு ஐரோப்பியப் பயணிகள் குங்குமப்பூ மலிவு என்று பைபையாக வாங்குகின்றனர். எமது பெண்கள் ஏமாறமாட்டார்கள். அது நம் சமையலறை மஞ்சள். குசும்பப்பூ இதழ்களும் குங்குமப்பூவாக விற்கப்படுவதுண்டு. பொருளை அறிந்தவர் பேரத்தில் பாதி வென்றவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மலிவு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருக்கி நாணயமான லிராவிலிருந்து 2005 ஜனவரி முதலாம் திகதி ஆறு பூச்சியங்கள் நீக்கப்பட்டன. அதன் பின்னும் அதன் வீழ்ச்சி நிற்கவில்லை. 2018 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு நான்கு லிரா கூட இல்லை. 2024 இறுதியில் 35 லிராவைத் தாண்டியது. 2022 ஒக்டோபரில் அரசு அறிவித்த பணவீக்கமே 85 விழுக்காட்டுக்கு மேல். கடைக்காரர் யூரோவில் விலை சொல்வதை நாம் பேராசை என்று எண்ணுகிறோம். விற்ற பணத்தைக் கொண்டு அதே சரக்கை மீண்டும் கொள்வனவு செய்ய முடியுமா என்ற அச்சமும் அதில் இருக்கிறது. எமது யூரோவுக்கு அங்கே கிடைக்கும் மலிவில் ஒரு பகுதி, இன்னொரு நாட்டு மக்களின் சம்பளம் கரைந்ததால் வந்தது.

திரும்பும்போது சுங்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து விமானத்தில் வருபவர் 430 யூரோ பெறுமதி வரையே வரியின்றிப் பொருள் கொண்டுவரலாம். சுவிஸில் இவ்வெல்லை 2025 ஜனவரியில் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைக்கப்பட்டது. போலி முத்திரைக் கைப்பைகளைப் பிரெஞ்சுச் சுங்கத்தினர் சொந்தப் பாவனைக்கென்றாலும் பறிமுதல் செய்வர், தண்டமும் விதிக்கலாம். தொல்பொருள்களைத் துருக்கியிலிருந்து வெளியே கொண்டுசெல்வதை 1983ஆம் ஆண்டின் 2863ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. எனவே பழங்கம்பளம், பழைய செம்புப் பாத்திரம் வாங்குவோர் அது தொல்பொருள் அன்று என்பதற்கான அத்தாட்சிப் பத்திரமின்றி விமானம் ஏறலாகாது. அகதிப் பயண ஆவணத்தில் செல்வோர் வழக்கில் சிக்கினால் வரும் தொல்லை இருமடங்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அலெப்போச் சவர்க்காரம்

மாலையில் மஹ்முத்பாஷா என்னும் சரிவுத் தெரு வழியே இறங்கினோம். அது உள்ளூர் மக்கள் வாங்கும் தெரு. பயணிகள் குறைவு. ஒரு மூலையில் ஒருவர் சிறு தள்ளுவண்டியில் சவர்க்காரக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஏறத்தாழ எனது வயது. வெளியே பொன் நிறமும் வெட்டினால் உள்ளே பச்சையுமாக இருக்கும் அலெப்போ நகரத்துச் சவர்க்காரம் அது. ஒலிவ் எண்ணெயையும் வாகை மரத்தை ஒத்ததல்லாத, நறுமண இலை கொண்ட லோரல் மரத்தின் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, வெட்டி, முத்திரை குத்திப் பல மாதங்கள் உலர்த்துவர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இக்கைவினையைத் தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மூன்று கட்டிகளுக்கு அவர் சொன்ன விலை, பாரிஸில் ஒரு கோப்பி குடிக்கும் காசு கூட இல்லை. பகல் முழுவதும் பேரம் பேசிப் பழகிய நாக்கு எனக்கு. விரல்களைக் காட்டிப் பாதி விலை கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கட்டிகளையும் கடதாசியில் சுற்றத் தொடங்கினார்.

அன்று நான் பேசிய கடைக்காரர் அனைவரும் சிரித்தனர், கைகளை விரித்தனர், தம் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சொன்னார்கள், "அபி, இது கடைசி விலை" என்றனர். 'அபி' என்றால் அண்ணா. நான் வெளியே நடந்தபோது சிலர் கூப்பிட்டனர், சிலர் போகட்டும் என்று விட்டனர். இவர் எதுவும் செய்யவில்லை. இருபதடி நடந்த பின் மனைவி சொன்னார்:

"பாவம், அந்த மனிசன் ஒண்டுமே கதைக்கேல்லை. அவருக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாதாக்கும்."

நான் நின்றுவிட்டேன். எனக்கு நினைவு வந்தது வேறொரு மாலை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிவிட்டு வந்தவன், பாரிஸில் பத்திரமின்றி, ஓர் உணவகத்தின் பின்கதவில் பாத்திரம் கழுவும் வேலைக்கு நின்றேன். முதலாளி நாட்கூலியாக ஒரு தொகையைச் சொன்னார். மற்றவர்களுக்குக் கொடுப்பதில் பாதி அது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தலையசைத்தேன். அவர் அதனை என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இவ்வாறு தலையசைத்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களுள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பேரம் என்பது இருவர் பேசுவது. வேண்டாம் என்று சொல்லி விலகும் உரிமை வாங்குபவனுக்கு இருப்பது போலவே விற்பவனுக்கும் இருக்கும் வரையில்தான் அதற்குப் பேரம் என்று பெயர். கம்பளக் கடைக்காரருக்கு அந்த உரிமை இருந்தது, நகைக்கடைக்காரருக்கு இருந்தது. அவர்களோடு எவ்வளவு நேரமும் வாதாடலாம், அதில் பாவமொன்றும் இல்லை. அன்றிரவு ரொட்டிக்கு அந்தக் காசையே நம்பி நிற்பவனிடம் பாதி விலை கேட்பது வேறு செயல். அதற்கு வேறு பெயர் உண்டு.

திரும்பிப் போனேன். இனாமாகப் பணம் நீட்டினால் அவர் என்ன நினைப்பாரோ என்று தயக்கமாக இருந்தது. இன்னும் ஒன்பது கட்டிகள் தரும்படி கேட்டு, பன்னிரண்டுக்கும் அவர் முதலில் சொன்ன விலைப்படி கணக்கிட்டுக் கொடுத்தேன். அவர் எண்ணினார். முன்னர் கொடுத்ததைக் கழித்து மீதியைத் திருப்பித் தந்தார். அதன் பின்பே கேட்டார், உடைந்த ஆங்கிலத்தில்: "நீங்கள் எந்த நாடு?"

அன்று முதன்முறையாக உள்ளபடி சொன்னேன். "இலங்கை. இப்போது பாரிஸ்." அவர் நெஞ்சைத் தொட்டு "ஹலப்" என்றார். அலெப்போவை அந்நகரத்தார் அழைக்கும் பெயர் அது. விலை முடிந்த பின் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியில் கணக்கு எதுவும் இல்லை.

2011இல் சிரியப் போர் மூண்ட பின் துருக்கியில் தஞ்சமடைந்தோர் தொகை ஒரு காலத்தில் முப்பத்தைந்து இலட்சத்தைத் தாண்டியது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையைத் துருக்கி ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கே பொருந்தும் என்ற வரையறையோடு ஏற்றிருப்பதால், சிரியர்களுக்குக் கிடைத்தது அகதி நிலை அன்று, தற்காலிகப் பாதுகாப்பே. 2024 டிசம்பரில் டமாஸ்கஸில் ஆட்சி வீழ்ந்த பின் பலர் திரும்பினர். திரும்ப வீடில்லாதோர் இருந்துவிட்டனர். இஸ்தான்புல்லின் தையற்கூடங்களிலும் தெருவோரங்களிலும் அவர்களைக் காணலாம்.

இக்கோடையில் பயணம் புறப்படும் வாசகர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவே. பெரிய கடைகளில் வெட்கப்படாமல் பேரம் பேசுங்கள். முத்திரையைப் பாருங்கள், கம்பளத்தைப் புரட்டுங்கள், மூன்று கடை ஏறி இறங்குங்கள், பிடிக்காவிட்டால் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். தள்ளுவண்டிக்காரரிடமும் கூடையோடு நிற்கும் மூதாட்டியிடமும் சொன்ன விலையைக் கொடுங்கள். இவர்களுள் யார் எந்த வகை என்ற ஐயம் எழுந்தால், நீங்கள் பாதி விலை சொல்லும்போது எதிரே நிற்பவர் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

வீட்டில் ஐந்து கட்டிகள் மீதமிருக்கின்றன. காதணியை மகள் விசேஷங்களுக்கு மட்டும் அணிகிறாள்; சவர்க்காரத்தைத்தான் நாளும் பாவிக்கிறோம்.